ஆறு மாடியிலும் கூப்பிட்ட குரல்

சாவியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. சம்பளச் சீட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி இங்கே யாரும் இல்லையே என்று அவள் புருஷனே கதவைச் சாத்தினாலும் சாத்திவிடுவார். இருபத்துநாலு வீட்டுச் சாவி, மோட்டார் அறை, மீட்டர் அறை, மொட்டை மாடி, லிஃப்ட் என்று இருபத்தெட்டுச் சாவிகள் கோத்த வளையம் அவள் இடுப்பில் தொங்கும். அது முன்னே சத்தம் போட்டுக்கொண்டு போகும், பின்னே வலது காலை இழுத்து இழுத்து அவள் வருவாள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கவனித்துக்கொள்கிறவள் அவள்தான். தண்ணீர் ஏற்றுவாள், தபாலைப் பிரித்துப் போடுவாள், படிக்கட்டில் பல்பு மாற்றுவாள், லிஃப்ட் படுத்துக்கொண்டால் மெக்கானிக் வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டிருப்பாள். வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி.

வீடியோ கேம் என்றால் என்ன என்று அவளைக் கேட்டால், அஞ்சாவது மாடிப் பிள்ளைகள் சோறு தின்னாமல் செய்கிற வேலை என்பாள். அவளையே ஒரு கேமுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது முதலில் சிரித்தாள். காட்டியது பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர். ஐம்பதை நெருங்கும் மனுஷன், மீசையெல்லாம் வைத்துக்கொண்டு, கையில் கெட்டில் மாதிரி செய்த அட்டை முகமூடியோடு வந்து நின்றார். போனில் ரெண்டு நிமிஷ ட்ரெய்லர் ஓடியது. ஆறு மாடிக் கட்டடம். குடியிருப்பவர்கள் எல்லாருக்கும் தலைக்குப் பதில் ஏதாவது ஒரு சாமான்: ஒருவருக்குக் கெட்டில், ஒருவருக்கு இஸ்திரிப் பெட்டி, ஒருத்திக்கு மடித்த குடை. மனுஷத் தலை உள்ளவள் கட்டடம் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்திதான். வலது காலை இழுத்து நடக்கிறாள். இடுப்பில் சாவி வளையம்.

விளையாடுகிறவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள். விளக்கு கிடையாது, ஒன்றும் தெரியாது, காதுதான் துணை. கீழேயிருந்து ஒரு குரல் மாடி மாடியாக ஏறி வரும்: "யாராவது இருக்கீங்களா?" குரல் பத்து எண்ணும். அதற்குள் விளையாடுகிறவர் மைக்கில் தன் சொந்த வாயால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குரல் அடுத்த மாடிக்குப் போய்விடும். இதற்குப் போய் இந்தக் கூத்தா என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு வருஷமாகக் காத்துக்கிடந்த ரசிகர்கள் ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, உடைந்த படிக்கல் ஒன்றை வைத்தே கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"செஞ்சது உங்க மூணாம் மாடியில இருந்த பொண்ணுதான்க்கா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சாவியக்காவின் சிரிப்பு அதோடு நின்றது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு நீண்ட விடுமுறை. கட்டடத்தில் பாதிப் பேர் ஊரில் இல்லை. லிஃப்ட் முக்கிக்கொண்டிருந்ததால், மெக்கானிக் வரும்வரை மெயின் சுவிட்சை இறக்கிவைக்கச் சொல்லியிருந்தார் கட்டடச் சொந்தக்காரர். இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மாடியாக ஏறி, லிஃப்ட் கதவைத் தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டு, பத்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த மாடிக்குப் போக வேண்டும். உள்ளே இருந்த அபாய மணி எப்போதோ ஊமையாகிப்போயிருந்ததால் வந்த முறை அது. பதினைந்து வருஷமாக அவள் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அன்றைக்குத் தங்கை மகள் கல்யாணம். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. முட்டி வேறு வலி. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள், அவள் கை நேராகச் சுவிட்சுக்குப் போயிற்று. ஒரு மாடிகூட ஏறவில்லை. காலை பத்து மணி.

சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, மெக்கானிக் நாளைக்குத்தான் என்று தெரிந்ததால், ராத்திரிக்காவது ஓடட்டும் என்று சுவிட்சைத் தூக்கிவிட்டாள். லிஃப்ட் முனகிக்கொண்டே கீழே வந்து திறந்தது. உள்ளே மூணாம் மாடிப் பெண் நின்றிருந்தாள். கையில் குப்பைப் பை. குப்பை போடத்தான் இறங்கியிருக்கிறாள், போன் மேலே வீட்டில் கிடந்திருக்கிறது. ஒன்பது மணி நேரம். அழவில்லை, கத்தவில்லை. நேராக நடந்துபோய்க் குப்பையைத் தொட்டியில் போட்டுவிட்டு, படியேறி மேலே போனாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் கட்டடக்காரர் ரெண்டு பேரையும் நிற்கவைத்து விசாரித்தார். சாவியக்கா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். ஆறு மாடியும் ஏறினேன், ஒவ்வொரு மாடியிலும் கூப்பிட்டேன், பதில் இல்லை என்றாள். அந்தப் பெண் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோள் தளர்ந்தது. "ஆமா சார், கூப்பிட்டாங்க. நான்தான் பதில் சொல்லல" என்றாள். சாவியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தன் வேலை போகக்கூடாது என்று அந்தப் பிள்ளை பொய் சொல்கிறதே என்று நினைத்தாள். ரெண்டு மாதத்தில் அந்தப் பெண் வீட்டைக் காலி செய்துவிட்டாள். தபால் வந்தால் சொல்ல ஒரு நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க நாலு வருஷத்தில் ஆயிரம் நாள் இருந்தது, இவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது இந்தக் கேம். தன்னைச் சந்தி சிரிக்க வைக்கத்தான் செய்திருக்கிறாள் என்று சாவியக்கா முடிவு கட்டிவிட்டாள். ரிலீஸானால் கட்டடக்காரர் பார்ப்பார், வேலை போகும், பத்தொன்பது வருஷப் பெயரும் போகும். புருஷன் பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறவர், மத்தியானம் மாவு மணக்க வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ வாயத் தொறக்காத. பொம்ம விளையாட்டு, ரெண்டு வாரத்துல மறந்துருவாங்க."

வாயைத் திறக்காமல் இருக்கலாம், காதை என்ன செய்வது? ரிலீஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது ரசிகர்கள் ஒரு வழக்கம் ஆரம்பித்தார்கள். குடியிருப்பவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வருவார்கள். நாளுக்கு ஒரு மாடி. டீச்சர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர், பல் வைத்தியரிடம் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தி. எல்லார் தலையிலும் அட்டைக் கெட்டில், அட்டைக் குடை. லிஃப்ட் கதவைப் பார்த்தபடி படிக்கட்டு நெடுக மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். கீழேயிருந்து ஒருவர் ட்ரெய்லரில் வருகிற மாதிரியே இழுத்துக் கூப்பிடுவார். மனசுக்குள் பத்து எண்ணுவார்கள். பிறகு எல்லாரும் ஒரே குரலில், ரொம்ப மெதுவாக, "இருக்கேன்."

சாவியக்கா தன் அறையில் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்வாள். "யாராவது இருக்கீங்களா" என்று அவள் தொழிலுக்காகக் கூப்பிட்ட நாளெல்லாம் அது வெறும் வார்த்தை. இப்போது அது படியேறி வந்து தன் பேரைச் சொல்லிக் கேட்கிற மாதிரி இருந்தது.

அஞ்சாம் நாள் அவள் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருந்தாள். கீழே கூப்பிடும் குரல் கேட்டது, மற்ற நாளைவிடத் தெளிவாக, பக்கத்தில் கேட்பது போல. இறங்கி வந்தபோது மருந்துக்கடைக்காரர் முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குப் பிரமாதம் என்றார். வழக்கமாகக் கூப்பிடுகிற டாக்ஸிக்காரர் வரவில்லையாம், என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தார்களாம்.

"நல்ல வேளை, நீங்களே கூப்பிட்டீங்க" என்றார்.

தான் மோட்டார் அறையில் இருந்ததாகச் சாவியக்கா சொன்னாள். அவர் கண்ணடித்தார். கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். 

ரிலீஸுக்கு முந்தின நாள் மத்தியானம். மருந்துக்கடைக்காரர் சீக்கிரமே வந்து ஆறாவது மாடியில் யார் எங்கே நிற்பது என்ற சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முதல் முறையாகப் பேட்டி கொடுத்திருக்கிறாள் என்று போனைக் காட்டினார். சாவியக்கா படபடப்போடு கேட்டாள். ஒரு அக்கா என்னைத் தேடிக் கால் வலியோடு ஆறு மாடி ஏறினாங்க, நான் பயத்துல பதில் சொல்லாம இருந்துட்டேன், நாலு வருஷமா அது உறுத்துது, அந்த ஒரு பதிலை எல்லாரும் சேந்து அவங்களுக்குச் சொல்லட்டும்னுதான் இந்த விளையாட்டு என்று அந்தக் குரல் சொன்னது.

சாவியக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மானத்தை வாங்கப்போகிறாள் என்று பயந்தோமே, இந்தப் பிள்ளை என்னடாவென்றால் நம் பொய்யை நம்பி, நம் பாவத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறதே! அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். விடிந்தால் அந்தப் பொய் உலகம் பூராவும் போய்விடும், அப்புறம் யார் சொல்லி யார் நம்புவது?

உடனே மருந்துக்கடைக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் கூப்பிடவே இல்ல சார். ஒரு படிகூட ஏறல. இத உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க, அந்தப் பொண்ணுக்கும் போய்ச் சேரட்டும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ட்ரெய்லரில் குரல் படியேறும்போது காலடிச் சத்தமும் சாவிச் சத்தமும் இல்லாததைப் பிழை என்று நினைத்திருந்தார்களாம். இதுதான் காரணமா, அந்த அக்கா கூப்பிடவே இல்லையா, ரகசிய முடிவை நீங்களே சொல்லிவிட்டீர்களே என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெண்டு நிமிஷத்தில் அது ரசிகர் குழு முழுக்கப் பரவிவிட்டது. நாலு பேர் அழுகிற பொம்மை அனுப்பினார்கள், ஒருத்தர் அக்காவின் நடிப்பு அபாரம் என்று எழுதியிருந்தார். இவர்களிடம் உண்மையைச் சொல்வதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, தபால் நோட்டில் இருந்த நம்பரைத் தேடிப் போன் போட்டாள். மூணாவது மணியடிப்பில் எடுத்தாள் அந்தப் பெண். குரலைக் கேட்டதும் சந்தோஷமாக "அக்கா!" என்றாள். சாவியக்கா மூச்சு விடாமல் சொன்னாள்.

"நான் அன்னிக்குக் கூப்பிடலம்மா. சுவிட்ச எறக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். ஓனர்கிட்ட சொன்னது பொய். நீ என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்னு இத்தன நாளா நெனச்சிருந்தேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. என்ன மன்னிச்சிரு."



"நான் யாரையும் காப்பாத்தலக்கா" என்றாள் அந்தப் பெண். "எனக்குக் கேட்டுச்சு."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். சுவிட்ச் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் ஆரம்பித்ததாம். ஒண்ணாவது மாடியில் கூப்பிடும், பத்து எண்ணுகிற நேரம் இருக்கும், பிறகு ரெண்டாவது. ஆறு வரை போய்விட்டு மறுபடி ஒண்ணாவதிலிருந்து வரும். பகல் முழுக்க. காலை இழுக்கிற சத்தம் இல்லை, சாவி குலுங்குகிற சத்தம் இல்லை. அதனால்தான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் நான்தான் கூப்பிட்டேன் என்று சாவியக்கா சொன்னபோது நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது போல இருந்ததாம். அட, அக்காதானா, நான்தான் பயந்தாங்கொள்ளி என்று அதையே பிடித்துக்கொண்டு நாலு வருஷம் தூங்கி எழுந்திருக்கிறாள். அந்தக் குரலைத்தான் ஞாபகத்திலிருந்து ஒரு இழுப்பு மாறாமல் கேமில் வைத்திருக்கிறாள்.

"நீங்கதான்னு நெனச்சுத்தானேக்கா எல்லாரையும் பதில் சொல்ல வெச்சேன்" என்றாள். "அப்ப அது யாரு?"

 கேமை எப்படியாவது நிறுத்திவிடு என்று மட்டும் சாவியக்கா சொன்னாள். தன் கையில் இல்லை என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். எல்லாருடைய மெஷினிலும் கேம் ஏற்கெனவே இறங்கிவிட்டது, காலையில் தானாகத் திறந்துகொள்ளும் என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி. சாவியக்கா போனைக் கீழே போட்டுவிட்டு, கால் வலியைப் பார்க்காமல் படிக்கட்டுக்கு ஓடினாள். கீழிருந்து ஆறாவது மாடி வரை வரிசையாக அட்டைத் தலைகள், எல்லாம் லிஃப்ட் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. கூப்பிட வேண்டிய டாக்ஸிக்காரர் அப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"யாரும் பதில் சொல்லாதீங்க" என்றாள் சாவியக்கா. 

மருந்துக்கடைக்காரர் உதட்டில் விரல் வைத்தார். "கூப்பிட்டாச்சுக்கா" என்று கிசுகிசுத்தார். நாற்பது பேரும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்த அவர் விரல்களைப் பார்த்தாள், ஒன்பது மடங்கியிருந்தன.