மூன்று அணி ட்ரேட்டும் ஒரு மடியும்

எனக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியாது. ஆனால் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்குத் தள்ளிவிடுவதில் என்னை மிஞ்ச ரங்கூனில் ஆள் கிடையாது. இதை வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாம் கைபேசியில் நடக்கும் கற்பனை லீக்தான். நிஜ ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டு ஆளுக்கு ஓர் அணி வைத்துக்கொள்வோம். அங்கே அவர் பந்தைக் கூடையில் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. அவர்களுக்கு ராத்திரி ஆட்டம், நமக்குக் காலைப் பலகாரம். லீக்கை நடத்துகிறவன் பாங்காக்கில் வேலை பார்க்கும் எங்கள் சித்தப்பா மகன். இன்சீனில் அண்ணனுக்கு ஓர் அணி, தாகேதாவில் தங்கைக்கு ஓர் அணி, அலோனில் எனக்கு ஓர் அணி. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் சரக்குச் சீட்டு எழுதுவது என் உத்தியோகம். ட்ரேட் போடுவது, அதாவது ஆள் கொடுத்து ஆள் வாங்குவது, என் தொழில்.

இரண்டு அணி ட்ரேட் யார் வேண்டுமானாலும் போடலாம். மூன்று அணி ட்ரேட்டுக்குத்தான் மூளை வேண்டும். மூன்று பேரும், மற்ற இருவரையும் தான் ஏமாற்றிவிட்டதாக நம்ப வேண்டும். அப்போதுதான் அது படியும். ஆனால் நான் இதில் தேறியது மூளையால் அல்ல. அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை தன் கல்யாணத் தேதியை மாப்பிள்ளை வீட்டாரோடு முடிவு செய்துவிட்டு, பிறகுதான் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார், தாலி கட்டும்வரை நின்றார், சாப்பிடாமல் போய்விட்டார். கேட்காதது அவளுடைய குற்றம், சாப்பிடாதது அவருடைய குற்றம். இரண்டுமே மன்னிக்க முடியாதவை என்று இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அதனால் அண்ணனுடைய ஆட்டக்காரர் தங்கைக்கு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஆப்பில் ஒரு நேரத்தில் இருவர்தான் ட்ரேட் செய்ய முடியும். ஆகவே முதலில் அண்ணன் தன் ஆளை எனக்குத் தருவார், தங்கை தன் ஆளை எனக்குத் தருவாள். பதிலுக்கு என் பெஞ்சில் கிடக்கும் உதவாக்கரைகளை அவர்களிடம் ஒப்புக்குக் கொடுத்து வைப்பேன். பிறகு ஆட்களை மாற்றி அனுப்பிவிட்டு, உதவாக்கரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். இடையில் எனக்கென்று ஒரு சுமாரான ஆளைத் தட்டிக்கொண்டு போவதும் உண்டு. கூலி இல்லாமல் யார் சுமப்பார்கள்?

போன தை மாதம் தங்கை தன் பெண் குழந்தைக்குக் காது குத்தத் தீர்மானித்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்கா தங்கை எங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே அண்ணன். நான் போன் செய்தேன்.

"அவ வாயத் தொறந்து கூப்பிடட்டும். அப்புறம் பாப்போம்" என்றார் அண்ணன்.

தங்கையிடம் போனேன். அவள் பாதிப் பேச்சு பர்மீயத்தில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ். "நான் எதுக்குக் கூப்பிடணும்? எங்க வீட்டுக்காரரு தம்பி மடி இருக்கு. அதுல வச்சுக் குத்திக்கிறேன்" என்றாள்.

பிள்ளையின் சித்தப்பன்காரன் நல்ல பையன்தான். ஆனால் மாமன் உயிரோடு இருக்கையில் வேறு மடியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அண்ணன் இந்த ஜென்மத்தில் தாகேதா பாலம் தாண்ட மாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அதே வாரத்தில்தான் லீக்கில் ட்ரேட் கெடு. அண்ணனிடம் ஏழடி நெட்டை ஒருவர் இருந்தார், கூடைக்கடியில் எல்லாப் பந்தும் அவர் கைக்குத்தான் போகும். தங்கையிடம் தூரத்திலிருந்து எறிந்து மூன்று மூன்றாகச் சேர்க்கும் குள்ளர் ஒருவர். அண்ணனுக்குக் குள்ளர் வேண்டும், தங்கைக்கு நெட்டை வேண்டும். ஜாதகப் பொருத்தம் கெட்டது போங்கள், அப்படி ஒரு பொருத்தம்! ஒரு நல்ல ட்ரேட் முடிந்தால் மனசு இளகும், இளகிய சூட்டோடு காதுகுத்துப் பேச்சை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

கெடு பாங்காக் நேரம் காலை ஒன்பது மணி. நமக்கும் பாங்காக்குக்கும் அரை மணி வித்தியாசம். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டேன். எட்டரைக்கு முடிகிற கெடு என் கணக்கில் ஒன்பதரை ஆனது.

எட்டு இருபதுக்கு நெட்டையும் வந்து சேர்ந்தார், குள்ளரும் வந்து சேர்ந்தார். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று மொஹிங்கா கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் மீன்சாற்று நூடுல்ஸை முழுக்கச் சாப்பிட்டு, வடையும் பிய்த்துப் போட்டுக்கொண்டேன். எட்டு ஐம்பதுக்குக் கைபேசியைத் திறந்தால் கதவு சாத்தியாகிவிட்டது. சீசன் முடியும்வரை இருவரும் என் அணியில். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது. இல்லை, சுத்தமான முட்டாள்தனம்.

முதலில் அண்ணன். "ரெண்டு பேரையும் அமுக்கிட்டியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" பிறகு தங்கை. "அக்கா, இதுக்குத்தான் ரெண்டு வருசமா நடுவுல நின்னியா?" நான் அரை மணிக் கணக்கைச் சொன்னேன். இருவரும் நம்பவில்லை. பாங்காக்காரனைக் கெஞ்சினேன். விதி விதிதான் என்று சிரிக்கிறான், கடங்காரன்.

மதியம் அண்ணனைச் சமாதானப்படுத்த அழைத்தேன், வேறு அழைப்பில் இருந்தார். தங்கையை அழைத்தேன், அவளும் வேறு அழைப்பில். ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி அழைத்தேன், இரண்டு எண்ணும் கிடைக்கவில்லை. மூன்று லாரிக்குச் சீட்டுத் தப்பாக எழுதிய பிறகுதான் உறைத்தது: ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைத் திட்டுவதற்கு. சாயங்காலம் குடும்பக் குழுவில் இருவர் பெயரிலும் ஒரே கடிதம் வந்தது. என்னை ஒரு சீசன் நீக்கிவைக்க வேண்டுமாம்.

மாசி முதல் ஞாயிறு அண்ணன் தாகேதாவுக்கு வந்தார். பட்டுப்பாவாடையும் தோடும் கொண்டுவந்திருந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி இரண்டாவது காதைக் குத்தியபோது பிள்ளை வீறிட்ட வீறலில் பக்கத்து வீட்டு பர்மீயக் கிழவர் எட்டிப்பார்த்தார். அண்ணன் கண்ணிலும் தண்ணீர். தங்கை வெளிப்படையாகவே அழுதாள்.

நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பழக்க தோஷம், பிள்ளையை வாங்கித் தங்கையிடம் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"அக்கா, நீ சும்மா இரு. உன் கையில குடுத்தா திரும்பி வராது" என்று சொல்லிவிட்டு, என் தலைக்கு மேலாகக் கைகளை நீட்டினாள் தங்கை. "நேரா எங்கிட்டயே குடுங்கண்ணே."

அண்ணன் நேராகக் கொடுத்தார். வீடே சிரித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே பொறாமையாகவும் இருந்தது. என்னைத் தாண்டி அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் நகர்ந்து உட்கார்ந்து வழி விட்டேன்.