மூன்று விரல் உயரம்

நோரியே இருபத்திரண்டு குளிர்காலம் பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு கொண்டுபோகும் வேனை ஓட்டியவள். ஒனாய் கிராமத்தைச் சுற்றியிருந்த நாலு பள்ளிகளும் ஒவ்வொன்றாக மூடி, கடைசியாக மிஞ்சியதும் பிள்ளைகள் இல்லாமல் பூட்டப்பட்ட வருடம்தான் அவள் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் வண்டி சாலையை விட்டு இறங்கியதில்லை, சூப் அண்டா சிந்தியதில்லை. கடல் காற்று அடித்து, தரையில் கிடக்கும் பனியெல்லாம் எழுந்து கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் திரையாக நின்றால், சாலை விளிம்பைக் காட்ட ஓரக் கம்பங்களில் தொங்கும் அம்புக்குறிகளை மட்டும் நம்பி, பிரேக்கில் கால் வைக்காமல், நடக்கிற வேகத்தில் போகத் தெரிந்தவள். அதனால் அறுபத்து மூன்று வயதில் ஒரு காரைத் தேர்ந்தெடுப்பதில் அவள் தவறுவாள் என்று ஊரில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த அக்டோபரில் பழைய கார் சோதனையில் தேறவில்லை. சாலையில் தூவும் உப்பு அடித்தகட்டைத் தின்றிருந்தது. பட்டறைக்காரர் கக்குடா வண்டியைத் தூக்கி நிறுத்தி, கீழே நின்றபடி திருப்புளியால் குத்திக் காட்டினார். பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்கியது.

வேறொரு வருடமாக இருந்தால் வசந்தம் வரை கார் இல்லாமலே சமாளித்திருப்பாள். ஆனால் அவள் கணவர் ஷிகெமிட்சுவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஹமாபெத்சு மருத்துவமனை முப்பத்தாறு கிலோமீட்டர். போன குளிர்காலம் வரை மருத்துவமனை வேன் வாசலுக்கே வந்தது. அதன் ஓட்டுநர் ஓய்வு பெற்றார், அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. சொந்தமாக வர முடியாதவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வார்டிலேயே தங்கிவிடலாம், படுக்கை தருகிறோம் என்றார்கள். ஷிகெமிட்சுவின் அண்ணன் அப்படித்தான் ஒரு டிசம்பரில் பையோடு போனார். பை மட்டும் திரும்பி வந்தது.

"கூரைப் பலகையில எத்தனை ஓட்டைன்னு நாலு மாசம் எண்ணிட்டுக் கிடக்க என்னால ஆகாது," என்றார் ஷிகெமிட்சு. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வீட்டில் இருப்பதா, வார்டில் இருப்பதா என்பதை இனி காரே முடிவு செய்யும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கக்குடாவிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டுமே சின்ன இன்ஜினுக்கு உரிய மஞ்சள் நம்பர் பலகை போட்ட குட்டி வண்டிகள், இரண்டிலுமே நாலு சக்கரமும் இழுக்கும். ஒன்று ஜீப் மாதிரி உயரமானது. இந்தப் பக்கத்துத் தபால்காரர், மாட்டு டாக்டர் எல்லோரும் வைத்திருப்பது அதைத்தான். இன்னொன்று பக்கவாட்டில் நகரும் கதவும் தாழ்வான தரையும் உள்ளது. அதன் முன் இருக்கை வெளிப்பக்கமாகத் திரும்பும்.

உயர வண்டியில் ஷிகெமிட்சு மூன்று முறை ஏறிப் பார்த்தார். சர்க்கரை நோய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. பொய்க்காலை மேலே வைத்தால் நல்ல கால் உந்தவில்லை, நல்ல காலை வைத்தால் பொய்க்கால் துணையாகவில்லை. கக்குடா ஒரு காலி பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். சரளைக்கல்லிலேயே அது சறுக்கியது. உறைந்த தரையில் அது என்ன செய்யும் என்று நோரியே நினைத்துப் பார்த்தாள்.

"இது வண்டி இல்ல, மாடி வீடு," என்றார் ஷிகெமிட்சு மூச்சு வாங்கியபடி.

தாழ்வான வண்டியின் இருக்கை வெளியே திரும்பி வந்து நின்றது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நோரியே கால்களைத் தூக்கி உள்ளே வைக்க, இருக்கை முன்பக்கம் திரும்பிக்கொண்டது.

"கக்குடா, ஓரத்துல மட்டும் கொஞ்சம் குறைச்சு வெட்டு," என்றார், சலூன் நாற்காலியில் இருப்பதுபோல. வெகுநாள் கழித்து நோரியே சிரித்தாள்.

கக்குடா சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து இரண்டு வண்டிகளின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே கையை விட்டு அளந்தார். தாழ்வானது மூன்று விரல் குறைவு. சாலையில் அது ஒரு பொருட்டே இல்லை என்றும், வீட்டு வாசலில்தான் பொருட்டு என்றும் சொன்னார். அது அவளுக்கும் தெரியும். விடியுமுன் சாலையைத் துடைத்துக்கொண்டு போகும் பனி வாரி வண்டி, ஒதுக்கும் பனியையெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரப்பாகப் போட்டுவிட்டுப் போகும். அரை மணி நேரத்தில் அது கல்லாக இறுகிவிடும்.

"உங்க வாசல யாரு வாருறது?"

"இவாபுச்சி சான்."

கக்குடா கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். "அப்ப இது போதும்," என்றார், கொஞ்சம் தாமதித்து.

இவாபுச்சி பக்கத்துப் பால்பண்ணைக்காரர். பக்கம் என்றால் நானூறு மீட்டர். பால் லாரி உள்ளே வர வேண்டும் என்பதற்காக, பனியை வீசியெறியும் இயந்திரத்தை டிராக்டரில் பூட்டிக்கொண்டு தன் வாசலைத் திறப்பார். பிறகு அப்படியே வந்து நோரியே வீட்டு வாசலையும் அங்கிருந்து வீடு வரையிலான நாற்பது மீட்டர் பாதையையும் திறந்துவிட்டுப் போவார். பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. இதைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆண்டு முடிவில் முட்டைக்கோஸும் ஹெர்ரிங் மீனும் போட்ட ஊறுகாயை ஒரு வாளி நிறைய அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவாள். வாளி சில நாளில் கழுவித் திரும்பி வரும், அவ்வளவுதான்.

வண்டியை முடிவு செய்யுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நோரியே யோசிக்காமல் இல்லை. கேட்டால், தானாக நடந்துகொண்டிருந்தது அன்றிலிருந்து அவர் தலையில் கடமையாக ஏறிவிடும். காய்ச்சல் வந்தாலும் எழுந்து வர வேண்டியவராகிவிடுவார். ஒனாயில் அப்படி யாரும் யாரையும் கட்டிப்போடுவதில்லை. அவள் கேட்கவில்லை. தாழ்வான வண்டியை வாங்கினாள்.

நவம்பர் மூன்றாம் வாரம் இவாபுச்சி வந்தார். கையில் ஒரு பெட்டி வெண்ணெய். வாசற்படிக்கு வெளியே தொப்பியைக் கழற்றியபடி நின்றார். மாடுகளை டிசம்பர் மூன்றாம் தேதி ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றும், டிராக்டரையும் சேர்த்தே விற்றுவிட்டதாகவும், அசாஹிகாவாவில் மகன் வீட்டுக்குப் போவதாகவும் சொன்னார். மனைவிக்கு இடுப்பு போய்விட்டது, இனி இரண்டு பேருமாகச் சேர்ந்து கறக்க முடியாது.

நோரியே முறைப்படி சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். நீண்ட காலம் உதவினீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பதிலுக்குக் குனிந்தார், திரும்பினார், முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தார்.

"வண்டி மாத்திட்டீங்களா?"

"ஆமா. போன மாசம்."

அவர் கண் கதவிலோ நிறத்திலோ நிற்கவில்லை. நேராகச் சக்கரங்களுக்கு நடுவே போனது.

"தாழ்வா இருக்கே."

"அப்பாவுக்கு ஏறுறதுக்கு நல்லா இருக்கு." மகள் பிறந்த நாளிலிருந்து கணவரை அவள் அப்படித்தான் சொல்வாள்.

இவாபுச்சி தொப்பியைக் கையில் திருப்பினார். செப்டம்பரிலேயே முடிவாகிவிட்டது என்றார் பிறகு. வாசலை இனி வாரமாட்டேன் என்று வந்து சொன்னால், இதுவரை வாரினதைச் சொல்லிக்காட்டுவதுபோல ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன் என்றார். நோரியே, அதனால் என்ன, பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அவர் வழக்கத்தைவிட ஆழமாகக் குனிந்தார், நிமிர நேரமாயிற்று.

காரை மாற்றலாம் என்று ஷிகெமிட்சு சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மாற்றினால் எதற்கு? உயரமானதில் அவரால் ஏற முடியாது. கிராம அலுவலகத்தில் பனி வாரும் உதவிக்குப் பெயர் எழுதி வைத்தாள். அவளுக்கு முன்னால் பதினேழு வீடுகள். அதனால் இரு கையாலும் தள்ளும் பெரிய பனி அள்ளியை எடுத்துக்கொண்டு, டயாலிசிஸ் நாட்களில் விடியுமுன்னே வாசலுக்குப் போனாள். டிசம்பர் முழுக்க அப்படிச் சமாளிக்க முடிந்தது. ஷிகெமிட்சு ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் உள்ளே வரும்போது தேநீர் ஊற்றி வைத்திருப்பார், அவரால் செய்ய முடிந்தது அது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஆரம்பித்த பனிக்காற்று திங்கள் காலையில்தான் மூச்சு விட்டது. வாசலில் வரப்பு இடுப்புயரம் நின்றது. நோரியே ஐந்து மணியிலிருந்து வெட்டினாள். மேலே இருந்ததெல்லாம் போயிற்று. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அள்ளியின் விளிம்பு இறங்காத இறுகல் மிஞ்சியது. மணி ஏழே முக்கால். வேகமாகப் போனால் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு வருடம் வேனில் அப்படித் தாண்டியவள்தான், ஆனால் வேனின் வயிறு உயரம்.

முன் சக்கரங்கள் தாண்டின. பிறகு கீழே ஏதோ தேய்ந்து, வண்டி நின்றது. நாலு சக்கரமும் சுழன்றன, எதுவும் தரையைப் பிடிக்கவில்லை. ஆமையாகிவிட்டது என்பார்கள் இங்கே. பனி புகைக்குழாயை அடைத்தால் உள்ளே இருப்பவர் உயிருக்கே ஆபத்து என்பதால் இன்ஜினை அணைத்தாள். ஷிகெமிட்சுவின் மேல் இரண்டு போர்வைகளைப் போர்த்திவிட்டு, குப்புறப் படுத்து, சின்ன மண்வெட்டியால் வண்டிக்கு அடியில் கொத்தத் தொடங்கினாள்.

கக்குடாவுக்குப் போன் செய்தாள். அவர் வந்து கம்பி கட்டி இழுத்தபோது ஒன்பதரை. காற்று மறுபடி எழுந்திருந்தது. அந்த நேரத்துக்கு ஹமாபெத்சு சாலையை மூடித் தடுப்பை இறக்கிவிட்டார்கள். எட்டு மணிக்குச் சாலை திறந்திருந்தது.

ஷிகெமிட்சுவுக்கு அன்று டயாலிசிஸ் இல்லை. செவ்வாய் காலை பனி வாரி வண்டி முன்னால் போக, ஆம்புலன்ஸ் அதன் பின்னால் ஊர்ந்து அவரைக் கொண்டுபோயிற்று. இதயம் தாளம் தப்பத் தொடங்கியிருந்தது. பிழைத்துவிட்டார். டாக்டர் வார்டில் படுக்கை பற்றிச் சொன்னபோது, நோரியே பதில் சொல்லுமுன் அவரே தலையாட்டினார்.

"நீ குப்புறப் படுத்துக் கிடந்தத கண்ணாடி வழியா பாத்தேன்," என்றார் அவளிடம், டாக்டர் போன பிறகு. "உன் பூட்ஸ் ரெண்டு மட்டும்தான் தெரிஞ்சுது. ஆடாம இருந்துச்சு கொஞ்ச நேரம்."

"மூச்சு வாங்கிக்கிட்டிருந்தேன்."

"அது எனக்குத் தெரியாதில்ல."

அதன்பின் அவள் வரப்பு விழாத, வானம் தெளிந்த நாட்களில் மட்டும் போனாள். பிப்ரவரியில் அது வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. அவர் குறை சொல்லவில்லை. செவிலிப் பெண்தான் ஒருநாள் நடைக்கூடத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறார், சாப்பாடும் பாதிதான் இறங்குகிறது.

அடுத்த தெளிந்த நாளில் கக்குடாவின் பட்டறை வழியாகத்தான் போனாள். உயர வண்டி இன்னும் விற்காமல் நின்றது. வேண்டுமென்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள், மேலே எதுவும் தர வேண்டாம் என்றார் அவர். நீங்கள் வண்டி எடுத்த அன்றைக்கே இவாபுச்சி மாடுகளை விற்கிறார் என்று காதில் விழுந்திருந்தது, அவர் சொல்லாததை நான் சொல்வதெப்படி என்று வாயை மூடிக்கொண்டேன் என்றும் சொன்னார், தரையைப் பார்த்தபடி. நோரியே அவர்மேல் கோபப்படவில்லை. அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

ஆனால் வண்டியை உடனே மாற்றிக்கொள்ளவும் இல்லை. உயர வண்டி இருந்தால் தினமும் அவரைப் பார்க்கலாம். தாழ்வான வண்டியை விட்டுவிட்டால், அவரை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி இல்லை.

அன்று அவர் படுக்கையருகே உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டே, கக்குடா சொன்னதைச் செய்திபோலச் சொன்னாள். கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஷிகெமிட்சு ஒரு துண்டை மென்று முடித்தார்.

"உயரமானதையே எடுத்துக்கோ."

"அப்பா, அதுல நீங்க..."

"தெரியும்." இன்னொரு துண்டை எடுத்தார். "நீ மறுபடியும் வண்டிக்கு அடியில படுக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்கு."

மறுநாள் மாற்றிக்கொண்டாள். அடுத்த வாரமே பெரிய பனி விழுந்தது. வாசலில் மேலாக மட்டும் வெட்டிவிட்டுக் கிளம்பினாள். வண்டி வரப்பின் மேல் ஒரு குலுக்கலோடு ஏறி இறங்கியது. பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது, அது கீழே விழுந்தது. சாலையில் அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டு ஹமாபெத்சு போய்ச் சேர்ந்தாள்.

இந்தக் காற்றில் அவள் வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அப்படியும் ஜன்னலில்தான் இருந்தார்.

"வரப்பு எப்படி இருந்துச்சு?"

"தெரியவே இல்ல."

"எது நம்ம வண்டி?"

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஆறேழு வண்டிகள், எல்லாவற்றின் மேலும் பனி. அவள் விரலை நீட்டிக் காட்டினாள். அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளங்கையைத் தரைக்கு மேலே நீட்டி, ஏறும் படியின் உயரத்தை மனதுக்குள் அளந்தார். கை முழங்காலுக்கு மேலே வந்து நின்றது.

"இவ்வளவு இருக்குமா?"

"இருக்கும்."

"நல்ல வண்டி," என்று சொல்லி, கையை மடியில் வைத்துக்கொண்டார்.