திரை ஏறும்போது எழுந்து நின்ற ஊர்

எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து, ஏரிக்கரை ஓரம் முதல் கம்பம் நட்ட வருஷத்தில்தான் அண்ணன் மெட்ராசுக்கு பஸ் ஏறினார். தேதி எனக்குத் தெரியாது. கம்பம் ஏற்றி வந்த மாட்டுவண்டி சேற்றில் மாட்டிக்கொள்ள, நைனாவும் அண்ணனும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மறுநாள் காலை கிளம்பும்போது அண்ணன் தோளில் அந்தச் சிராய்ப்பு இருந்தது. அதனால் இரண்டும் ஒன்றாகவே நினைவில் இருக்கின்றன.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அண்ணனின் மகள் எழுதுகிறாள். பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பினால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது சாலவாக்கத்துக்குப் பக்கத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில். நாங்கள் இரண்டு பேர்தான். ஏரி நிரம்பாத வருஷம் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான். அப்படி ஒரு வருஷத்தில்தான் அவர் வேலை தேடிப் போனார். மவுண்ட் ரோடு பக்கம், இங்கிலீஷ் படம் மட்டும் போடும் பெரிய தியேட்டர் ஒன்றில், டார்ச் அடித்து ஆட்களை சீட்டில் உட்கார வைக்கும் வேலை கிடைத்தது. பிறகு கேபினுக்குள் போய்ப் படம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அந்தத் தியேட்டருக்கு நான் ஒரே ஒரு தடவை போனேன். தரையெல்லாம் கம்பளம். மிதிக்கப் பயந்து செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே பூக்கொத்து மாதிரி விளக்குகள். படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியில் முகம் தெரிந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டு வர, ஒரு அம்மா பாடும் ரெக்கார்டு கேட்டது. காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவது போன்ற குரல். பின்னால் ஏதோ ஒரு குழல், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற நாயனம் மாதிரி. பாட்டு பாதிக்கு வந்ததும் சிவப்பு வெல்வெட்டுத் திரை மடிப்பு மடிப்பாக மேலே ஏறியது.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னா பாட்டுண்ணா அது? இன்னா சொல்லுது அந்தம்மா?"

"எனக்கு மட்டும் இன்னாடா தெரியும்? ஜாஸுன்னு சொல்றாங்க. யாரோ வூட்டுக்கு வராதவன கூப்புட்ற மாதிரி கீது. அவ்ளோதான்."

அந்தக் கேபினில் பெரிய ஆபரேட்டராக இருந்த ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, அந்த ரெக்கார்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதே கோடையில் நைனா களத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே விழுந்து காலமானார். அண்ணன் நிலத்தைப் பார்க்கத் திரும்பி வந்தார். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் வேட்டியில் சுற்றிய அந்த ரெக்கார்டுத் தட்டு. மெட்ராசிலிருந்து கொண்டுவந்தது அவ்வளவுதான். மறுபடி அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்தத் தியேட்டரை இடித்துவிட்டார்கள் என்று பின்னால் யாரோ சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

பகலில் ஏர், சாயங்காலம் உத்திரமேரூர்க் கொட்டகையில் ஆபரேட்டர் வேலை. தகரக் கூரை, முன்னால் மணல், பின்னால் பெஞ்சு. அதற்குள்ளும், மெட்ராஸ் தியேட்டரில் மாதிரி மேலே ஏறுகிற ஒரு திரை வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். காஞ்சிபுரத்துச் சாயக்காரரிடம் கொடுத்து, கோடித் துணிக்குச் சிவப்புச் சாயம் போட்டு வாங்கினார். அண்ணிதான் தைத்தார். மழை பெய்தால் கூரை ஒழுகி, சாயம் கரைந்து மணலில் சிவப்பாக ஓடும். திரைக் கயிற்றை இழுக்கும் வேலை எனக்கு.

கூரை மேல் ஸ்பீக்கர் குழாய் கட்டி முதலில் சாமிப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. எல்லாத் தட்டும் முடிந்து கடைசியாக அந்த அம்மா பாட்டு. அதுதான் படம் ஆரம்பிக்கப் போகிறது என்பதற்கு அடையாளம்.

அதை முதல் தடவை போட்ட அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் கொட்டகையில் இங்கிலீஷ் பாட்டு போட்டால் அது ராஜா பாட்டு, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இந்தப் பாட்டு ஆரம்பித்ததும் அவர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். அவரைப் பார்த்து பெஞ்சு முழுவதும் எழுந்தது. பிறகு மணலில் இருந்த பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. கொட்டகையே நின்றது. நான் கயிற்றை இழுக்க மறந்து போனேன்.

கொட்டகை முதலாளி கேபினுக்கு ஓடினார். "இன்னாய்யா இது பேஜாரு? எந்த கவர்மெண்டு பாட்ட போட்டு வச்ச?"

"கவர்மெண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல மொதலாளி. சும்மா ஒரு அம்மா பாட்றாங்க."

"அப்ப உக்கார சொல்லு."

"நிக்கட்டும் மொதலாளி. மெட்ராஸ்ல அவ்ளோ பெரிய தியேட்டர்ல ஒருத்தர்கூட நின்னதில்ல. இங்க நிக்கறாங்க."

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் இடிப்பார்: "ஏந்திரி, பாட்டு போட்டாங்க." பல வருஷம் கழித்து அந்தப் பட்டாளத்துப் பெரியவரே வந்து, அது எந்த நாட்டு ராணி பாட்டு என்று கேட்டார். அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டார். பெரியவர் மீசையைத் தடவினார். "நல்லாத்தான் பாடுது. நின்னதுல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் நின்றார்.

யாரும் ஏமாந்து போவது அண்ணனுக்குப் பிடிக்காது. சாலவாக்கம் பஸ் தாமதமானால் படத்தை ஆரம்பிக்காமல் அந்தப் பாட்டை இரண்டாவது தடவை போடுவார். உட்கார்ந்தவர்கள் மறுபடி எழுந்து நிற்பார்கள். "ஆபரேட்டரே, இன்னாய்யா ரெண்டு தபா எழுப்பற? களை எடுத்த காலுய்யா" என்று பெண்கள் பக்கமிருந்து குரல் வரும். கேபினிலிருந்து அண்ணன் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

பிறகு கொட்டகை மூடி, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. பாட்டுப் பெட்டியை முதலாளி விற்றுவிட்டார். தட்டு மட்டும் அண்ணனிடம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, திரும்பப் பெட்டியில் வைப்பார். மகள்தான் அதைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய், போனில் கேட்கிற மாதிரி மாற்றிக் கொண்டுவந்தாள். அன்று அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "சின்னவனே, நான் போற அன்னிக்கு மோளம் அடிக்கட்டும், வேணாங்கல. தூக்கற நேரத்துக்கு மட்டும் அந்தம்மா பாட்ட போட்று. நிக்கறவங்க நிக்கட்டும்."

"சரிண்ணா" என்றேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அன்று நான் பாட்டைப் போடவில்லை. பாட்டு ஏற்றிய போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். உறவில் மூத்தவர் ஒருவர், "சாவு வூட்ல இங்கிலீஷ்காரி பாட்டா? ஊரு சிரிக்காதா?" என்று கேட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. அவர் எங்கள் கொட்டகைக்கு வந்தவர் இல்லை. விவரம் சொல்ல வேண்டியவன் நான். போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏறக்குறைய ஒரு வருஷமாக அந்தப் போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். போன மாதம் அண்ணி கேட்டார்.

"எவ்ளோ நாளு தூக்கிக்கினு சுத்துவ? கருமாதிக்கு படத்தறப்பு வெக்கல இல்ல, வருசத்துக்கு வெச்சிக்கலாம். கயிறு இழுத்தவன் நீதான. நீயே இழு."

அண்ணனைக் கடைசி மூன்று மாதம் தினமும் வந்து பார்த்த நர்ஸம்மாவுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், பதினாறு நாளும் சோறாக்கிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், மேளம் அடித்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

பத்திரிகையோடு இந்த நினைவு மலரையும் சேர்த்து அனுப்புகிறோம். வருஷ திதி அன்று மண்டபத்துக்கு வாருங்கள். இப்போது மேடை இருக்கிற இடத்தில்தான் அப்போது எங்கள் திரை இருந்தது. அண்ணன் படத்தின் முன்னால் சிவப்புத் துணி தொங்கும். அண்ணி தைத்தது. கயிறு என் கையில் இருக்கும். பாட்டு பாதிக்கு வந்ததும் இழுப்பேன். சாலவாக்கம் பஸ் வந்து சேராவிட்டால் இரண்டாவது தடவையும் போடுவோம்.

பாட்டு மூன்று நிமிஷம்தான். எழுந்து நில்லுங்கள். இந்தக் கதை தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், எனக்காக அவரை லேசாக இடித்துச் சொல்லுங்கள்: "ஏந்திரி, பாட்டு போட்டாங்க."