இத்தா வீட்டுக் கவரேஜ்

கதிரையில் ஏறி நின்று, ஒரு கையால் கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையிலுள்ள போனைச் சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் செருகிப் பார்க்கிறார் றஹ்மத் உம்மா. கவரேஜ் கோடு ஒன்று எழும்புகிறது. போனைக் காதுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கோடும் படுத்துவிடுகிறது. "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரித்தான். எட்டிப் பாப்பாங்க, இருக்க மாட்டாங்க" என்று சொல்லியபடி இறங்குகிறார். கேட்க வீட்டில் ஆளில்லை. இருந்தாலும் வாய்விட்டுத்தான் சொல்வார்.

எத்தாளை ஊரில் களப்புத் தண்ணீரைப் பார்த்த கடைசி வீடு அவருடையது. கணவர் நூர்தீன் மௌத்தாகி இரண்டு மாதம் கடந்துவிட்டது. வெள்ளை உடுத்து இத்தா இருக்கிறார். அது முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. முன்பெல்லாம் போனை எடுத்துக்கொண்டு களப்புக் கரைக்குப் போவார். அங்கே கவரேஜ் தாராளமாக நிற்கும். இப்போது தெருப்பக்கத்து ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. அன்ரெனா பூட்டும் ஆளை உள்ளே கூப்பிடவும் வழியில்லை.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரே மகள் நிஃப்லாவுக்கு வெள்ளிக்கிழமைப் பகலில்தான் போன் கைக்கு வரும். வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வேலை வீட்டார் அவளை அனுப்பவில்லை. அதற்குப் பிறகு உம்மாவின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. அறுந்து அறுந்து வரும் குரல் மட்டும்தான். போன வெள்ளிக்கிழமை, "முகத்தக் காட்டுங்க உம்மா. நீங்களும் இல்லையோ எண்டு பயமாயிருக்குது" என்றாள். பதில் சொல்வதற்குள் கோல் அறுந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க றஹ்மத் உம்மா வீட்டுக்குள்ளேயே கவரேஜ் தேடினார். தோட்டக்காரர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போகும் வெங்காயத்துக்கு வால் நறுக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். ஒரு கூடை நறுக்கி முடிந்ததும் எழுந்து போனைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று நடப்பார். அலுமாரியின் மேல் வைத்தார். பாண் வைக்கும் தகர டப்பாவின் மேல் வைத்தார். யாரோ சொன்னார்கள் என்று அலுமினியச் சட்டிக்குள்ளும் வைத்தார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஸுல்பிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மூடிய போடுங்க ராத்தா. கவரேஜ் வெந்து வரும்."

"சிரி, சிரி. உனக்கென்ன, உன்ட புள்ளைகள் அடுப்படியிலதானே நிக்குது."

ஸுல்பிகா சிரிப்பை நிறுத்தினாள். கூரை இடுக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "இன்னொரு போன் இருந்தா அத மேல வெச்சு, அதிலிருந்து இதுக்குக் கவரேஜ் எடுக்கலாம் ராத்தா" என்றாள்.

இன்னொரு போன் இருந்தது. அலுமாரிக்குள், நூர்தீன் முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றியபடி. அதில் பேச யாருமில்லை. ஆனாலும் சார்ஜ் இறங்க விடாமல் பார்த்துக்கொண்டார் றஹ்மத் உம்மா. லேஞ்சியை அவிழ்க்காமல் அப்படியே நீட்டினார். ஸுல்பிகாதான் அவிழ்த்தாள். ரீலோட் போட்டு, ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக் கூரை இடுக்கோடு கட்டித் தொங்கவிட்டாள்.

"என்ட போன்லயும் ஹொட்ஸ்பொட் திறந்து கிடக்குது ராத்தா. உங்கட போன்ல என்னென்ன பேரு வருது?" கதிரையில் நின்றபடியே கேட்டாள்.

"ரெண்டு. ஒண்டு உன்ட பேரு."

"மத்தது?"

முந்தானையால் திரையைத் துடைத்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து கணவரின் பெயரை றஹ்மத் உம்மா வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதும்போது கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார்.

"மத்தது என்ன ராத்தா?"

"மத்தது... புள்ளட வாப்பா."

"அப்பிடியா எழுதியிருக்குது?" என்று கேட்ட ஸுல்பிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "அதத்தான் அமத்துங்க" என்றாள்.

அமத்தினார். திரையில் 'நூர்தீன்' என்ற எழுத்தும், அதற்குக் கீழே 'இணைக்கப்பட்டது' என்ற சொல்லும் வந்து நின்றன. றஹ்மத் உம்மா அதை உதடசைக்காமல் இரண்டு தடவை வாசித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு அடங்கியதும் போன் அடித்தது. ஸுல்பிகா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். திரையில் நிஃப்லாவின் முகம் முதலில் கட்டம் கட்டமாக வந்தது. பிறகு அசைந்தது.

"உம்மா! தெரியிறீங்க உம்மா. என்ன இப்பிடி மெலிஞ்சி..."

"நீ மட்டும் கொழுத்தா கிடக்கிறாய்?"

இருவரும் அழுதார்கள். கோல் அறுபடவில்லை. அழுது முடித்த பிறகும் முகம் அங்கேயே இருந்தது.

"எங்க இருக்கிறாய் மகள்?"

"படுத்திருக்கிறன் உம்மா. முதுகு வலி. நீங்க கதிரையிலயா நிக்கிறீங்க? விழுந்திடாதீங்க."

"கதிரை இனித் தேவையில்ல" என்றவர், போனை ஏந்திக்கொண்டு அறைக்குள் நடந்தார். கட்டிலில் தன் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். மற்றத் தலையணையைத் தட்டிச் சரிசெய்து, மகளின் முகம் தன்னைப் பார்க்கும்படி போனை அதில் சாய்த்து வைத்தார்.