ஆட்டை விடு, என்னைத் திட்டு

"கோவம்னு ஒங்கம்மா வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. நீ படிச்ச பொண்ணுன்னு ஒங்கிட்ட மட்டும் சொல்லிடுவாளா?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அத்தை.

எங்கள் தெருவில் யாரும் கோபத்தை நேராகக் காட்டுவதில்லை. சாடையாகத்தான் பேசுவார்கள். மருமகள் மேல் கோபம் என்றால் கோழிக்குத் திட்டு விழும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆசிரியப் பயிற்சி முடித்து, மலைமேல் இருக்கும் கரியாலூரில் வேலையும் வாங்கினேன். அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். எல்லாம் முடிவான பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் எல்லோர் துணியும் கொடியில் காய்ந்தது. என் புடவை மட்டும் வாளியில் ஊறிக் கிடந்தது. "மறந்துட்டேன்." எனக்குப் பிடிக்காத கருவாட்டுக் குழம்பு தினமும் கொதித்தது. "கோவமாம்மா?" என்று கேட்டால், "எனக்கு இன்னா கோவம்?" என்பாள். பிறகு ஆட்டுக்குத் தழை போட்டபடி, "மலைக்குப் போறியா? போ, போ. எங்களக் கேட்டுக்கினா போவணும்?" என்பாள். ஆடு பாவம், மென்றுகொண்டே கேட்கும்.

அம்மாவும் பெரியம்மாவும் இப்படித் தொடங்கித்தான் பல வருஷமாகப் பேச்சில்லாமல் இருக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் நடக்கப் போகிறது என்று தெரிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள், ஆட்டுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றேன்.

"ம்மா, ஆட்ட வுடு. என்னப் பாத்துத் திட்டு."

"போடி அந்தாண்ட."

"மாட்டேன்."

தழையைக் கீழே போட்டாள். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு கடைசியில எங்கிட்ட வர்ற. நான் இன்னா செத்தா பூட்டேன்? வெயில்ல கரும்பு வெட்டி ஒன்னப் படிக்க வச்சது இதுக்காடி?"

அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

வலித்தது. ஆனால் வாளியிலும் குழம்பிலும் ஒளிந்திருந்த கோபம் இப்போது முழுசாக எதிரே நின்றது. அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

"வேணாம்னு சொல்லுவியோன்னுதாம்மா சொல்லல."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்பவும் போயிருப்பேன்."

"தெரியும். சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்று மூக்கைச் சிந்தினாள்.

இந்த வருஷம் சேலத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. வேறு யாருக்கும் தெரியும் முன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தே திட்டினாள், ஆசை தீரத் திட்டினாள். உட்கார்ந்து கேட்டேன். மறுநாள் காலையில் சேலத்துக்குக் கிளம்பிவிட்டேன்.