ஒரே கொடியில் இரண்டு இலை

"சார், இது ரெண்டு வேற கொடிங்க. தேவகி ரெண்டையும் கலந்து ஒரே ஷீட்டுல ஒட்டியிருக்குதுங்க."

இதைச் சொன்னவன் நான்தான். குன்னூரில், காட்டுச் செடிகளைச் சேகரித்து, பிரஸ்ஸில் உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயரெழுதி வைக்கும் அலுவலகம் எங்களுடையது. எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். தேவகி கூடலூரிலிருந்து தற்காலிக வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கொடி வெள்ளரிக் குடும்பம். ஆண்பூ ஒரு கொடியிலும் பெண்பூ வேறொரு கொடியிலும் பூக்கும். இரண்டு சீசனாக நான் கொண்டுவந்ததெல்லாம் கொத்துக் கொத்தான ஆண்பூக்கள்தான். தேவகி முதல் டூரிலேயே சேரம்பாடிப் பக்கம் பெண்பூவைக் கண்டுபிடித்துவிட்டாள். தனிப்பூ, அடியில் சின்னஞ்சிறு பிஞ்சு. எங்கள் அலுவலகத் தலைவரான சார் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைத்தானுங்க இத்தனை நாளாத் தேடினோம்!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் ஷீட்டில் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றில் இலை இதய வடிவம். மற்றதில் விரல் விரலாகப் பிளந்த இலை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே கொடியாக்கும் அண்ணா. நான் கண்ணால கண்டது" என்றாள் தேவகி.

சார் என் சர்வீஸை நம்பினார். அவளுடைய வேலை நீட்டிப்புக் கடிதத்தைக் கையெழுத்திடாமல் ஒதுக்கி வைத்தார். "நீங்களே போயி சரியானதை எடுத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். அவள் நோட்டில் எழுதியிருந்த ஓடைக்கரைப் புதர் அப்படியே இருந்தது. பிளந்த இலையுள்ள தண்டைப் பிடித்து, பற்றுக்கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே மேலே பார்த்தேன். ஐந்தாறு கணு தாண்டி அதே தண்டில் இதய வடிவ இலை. அதற்கும் மேலே பெண்பூ. கொடியைப் பிய்த்து ஓடையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட நினைத்தேன்.

ஆனாலும், வேர்க்கிழங்கோடு தோண்டி, முழுக்கொடியையும் கொண்டுவந்து சார் மேஜைமேல் வைத்தேன்.

"தேவகி சொன்னதுதானுங்க சரி. பொறாமையில, பாக்காமயே சொல்லிப்போட்டனுங்க."

சார் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். "எனக்கு வேலை போயிருந்தா, அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு வேலை நீடித்தது, பிறகு நிரந்தரமும் ஆனது. நான் ஓய்வு பெறும்வரை வேலைப் பேச்சைத் தவிர என்னிடம் வேறு பேசியதில்லை. எனக்குப் பொறாமை பிறகும் வந்ததுண்டு. ஆனால், செடி நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் யாருடைய ஷீட்டைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை.