ரூல்ஸ் அண்ணனின் அட்டை

படப்பிடிப்பே வேண்டாமென்று கிளம்பிய அந்த வியாழக்கிழமையும் ரூல்ஸ் அண்ணன் பழக்கத்தை விடவில்லை. மேசைமேல் கிடந்த மரத் துப்பாக்கிகளில் இரண்டு, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் குறி பார்த்துக் கிடந்தன. அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பிறகே வாசலைத் தாண்டினார்.

இருபத்திரண்டு வருடம் சிப்பாயாக இருந்தவர். இப்போது போர்ப் படங்களுக்கு ஆலோசகர். பூட்ஸ் கட்டுவது, சல்யூட் அடிப்பது பற்றி அவர் சொன்னால் தட்டாமல் கேட்பார்கள். சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை உருவினால்தான் ஆளாளுக்கு நழுவுவார்கள். பட்டாளத்தில் கொடுத்தது, மேலே பிளாஸ்டிக் உறை, ஓரமெல்லாம் மஞ்சள். யாரைச் சுடலாம், யாரைக் கூடாது, சுடுமுன் எத்தனை முறை எச்சரிக்க வேண்டும் என்று வரிசையாக இருக்கும். கதாநாயகன் எச்சரிக்காமல் குறி பார்த்தால், கேமராவுக்குப் பின்னாலிருந்து இவரே கத்திவிடுவார்: “நில்லு! சுட்டுடுவேன்!”

“அண்ணே, நீங்க மூணு தடவை கத்தி முடிக்கிறதுக்குள்ள இடைவேளை வந்துரும்!” என்று இயக்குநர் தலையிலடித்துக்கொள்வார்.

“வரட்டுமே தம்பி. ஒருத்தன் உயிரோட வீட்டுக்குப் போவான்ல?”

அவரோடு தியேட்டருக்குப் போவது மனைவிக்குத் தண்டனை. “தனியா கிளம்பிட்டானே, இவனுக்கு உத்தரவு குடுத்தது யாரு? இவங்க ஆத்தாவா?” என்று திரையிலிருக்கும் நாயகனைப் பார்த்து இவர் உரக்கக் கேட்பார். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். “அவன் சுட்டா சுட்டுட்டுப் போறான். நீங்க பாப்கார்னைத் தின்னுங்க” என்று அந்த அம்மாள் பொட்டலத்தை அவர் கையில் திணிப்பார்.

வியாழக்கிழமை வந்த வினை இதுதான்: மண்டியிட்டுக் கைகளைத் தூக்கியவனை நாயகன் வசனம் பேசிச் சுட வேண்டும்.

“கையைத் தூக்கிட்டா அதோட முடிஞ்சுதுய்யா. அப்புறம் சுட்டா அது வீரமில்ல, கொலை.”

“ஜனங்க கை தட்டுவாங்கண்ணே.”

“அதான்யா வயித்தெரிச்சல்! என் பேரு இந்தப் படத்துல வரக்கூடாது.”

“வராதுண்ணே, சத்தியமா.”

அவர் கோபத்துக்கு வயது முப்பது. காவல் சாவடியில் ஒரு விடிகாலை, கைகளைத் தூக்கியபடி வந்த ஒருவனை நோக்கிப் பக்கத்திலிருந்த கூட்டாளி பதறிப்போய் விசையை அழுத்திவிட்டான். அந்த நொடியில் இவர் குழலைக் கீழே அமுக்க, குண்டு மண்ணில் இறங்கியது. வந்தவன் காணாமல் போன மாட்டைத் தேடி வந்தவன். அன்று முதல், எந்தத் துப்பாக்கி ஆளைப் பார்த்திருந்தாலும் இவர் கை தானாகப் போகும்.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது, அந்தக் காட்சியோடேயே. மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று இயக்குநர் இவர் பெயரைத் திரை நிறையப் போட்டிருந்தார்.

மறுவாரம் கைபேசியில் ஒரு செய்தி. பல வருடமாகப் பேச்சில்லாத அதே கூட்டாளி:

“படம் பாத்தேன். உன் பேரும் பாத்தேன். அன்னிக்கு என் துப்பாக்கிய அமுக்குன கை உன்னுதுதானேடா?”

ரூல்ஸ் அண்ணன் பதில் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். பிறகு இன்னும் பையிலேயே இருந்த அந்த அட்டையை எடுத்துச் சட்டையில் துடைத்து, முன்னும் பின்னும் படம் பிடித்து அனுப்பினார்.